கோட்டான் தேர்ந்த நிலம்

இங்கிலாந்தின் வடபகுதியில், நாட்டின் முதுகெலும்பு போல வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது பெனைன் மலைத்தொடர். மலை என்றதும் வானளாவிய கொடுமுடிகளையும் அடர்ந்த காடுகளையும் எண்ணிவிடலாகாது. அதன் உச்சி பெரும்பாலும் தட்டையானது, மரமற்றது, மழையும் மூடுபனியும் ஓயாது தங்குவது. இறந்துபட்ட பாசியும் புல்லும் மட்கிப் போகாமல் நீரிலேயே ஊறிக் கிடந்து, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மேன்மேலும் படிந்து, கருநிறச் சேற்று மண்ணாக அங்கே திரண்டிருக்கின்றன. அம்மண்ணுக்குப் பீட் என்பது பெயர். அதன்மேல் ஹெதர் என்னும் குறுஞ்செடியும், வெண்பஞ்சுத் தலையை அசைக்கும் ஒருவகைப் புல்லும், கோரையும், தன் எடையைப்போல் பன்மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஸ்பேக்னம் என்னும் பாசியும் கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்திருக்கும். இத்தகைய ஈர மேட்டுநிலத்தை அந்நாட்டார் ‘மூர்’ என்பர். ஆடு மேய்க்கவும் வேட்டையாடவுமன்றி வேறொன்றுக்கும் உதவாத பாழ்நிலம் என்றே அதனைப் பல காலம் கருதி வந்தனர்.

அப்பாழ்நிலத்தை நாடித்தான், மார்ச்சுத் திங்களில், மேட்டிலே பனி முற்றும் உருகுவதற்கு முன்னரே, கடற்கரைகளிலிருந்து பறவைகள் வந்து சேருகின்றன. வந்த சின்னாட்களில் மூர் முழுவதும் அவற்றின் குரலால் நிறைந்துவிடும். ஆள்காட்டி, பொன்னிற உப்புக்கொத்தி, உள்ளான், பவளக்காலி, டன்லின் என்னும் சிறுபறவை ஆகியன அக்கூட்டத்தில் உண்டு. அவற்றுள் உருவாலும் குரலாலும் தலைமை பெற்றது கோட்டான்.

கோட்டான் என்றதும் ஆந்தையை நினைத்தல் வேண்டா. தமிழில் அச்சொல் இரவில் அலறும் ஆந்தைக்கும் வழங்கும். நீண்டு வளைந்த அலகினையுடைய நீர்க்கரைப் பறவைக்கும் வழங்கும். இங்கே கூறப்படுவது பின்னதாகும். கோடுதல் என்பதற்கு வளைதல் என்று பொருள் உண்மையால், வில்லென வளைந்த அலகுடைய பறவைக்கு அப்பெயர் பொருந்துவதே. இலத்தீன் மொழியில் அறிஞர் இதற்கு இட்ட பெயரிலும் வில் என்னும் பொருளே பொதிந்துள்ளது. கோடியக்கரையின் சேற்றுநிலங்களில் குளிர்காலத்தில் இவ்வினத்தைக் காணலாம். ஆனால் அங்கு வருவன ஆசியாவின் வடபால் நிலங்களிலிருந்து வருவன. பெனைன் மலையில் முட்டையிடுவனவோ பெரும்பாலும் பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றின் கடற்கரைகளிலேயே குளிர்காலத்தைக் கழிப்பன. இனம் ஒன்றாயினும் ஊர் வேறு.

இப்பறவைகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. மண்ணிலே மார்பை அழுத்திச் சிறு குழி பறித்து, சிறிது புல்லை அதில் இட்டு, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டையின் கூரிய முனைகள் நான்கும் உள்நோக்கியிருக்க அவை நெருங்கிக் கிடக்கும். சுவரும் கூரையும் இல்லாத இந்த வீட்டுக்கு அரண் அது அமைந்த இடமே. ஆகவே, இடத்தைத் தேர்வதில் பிழை நேருமாயின் வேறெத்திறமையாலும் அப்பிழையை ஈடுசெய்ய இயலாது.

அவ்வாறாயின், கோட்டான் எதைக் கண்டு இடத்தைத் தேர்கிறது? தன் பசி தீரும் இடத்தைத் தேரும் என்று விரைந்து விடை கூறத் தோன்றும். உண்மை அதுவன்று. முட்டையிலிருந்து அன்று வெளிவந்த கோட்டான் குஞ்சின் அலகை உற்று நோக்கினால் இது புலனாகும். தாய்ப்பறவையின் அலகு 15 சென்டிமீட்டர் வரையும் நீளும். ஈரமண்ணுள் அதனை ஆழச் செலுத்தி மண்புழுவைப் பற்றி இழுப்பது தாயின் உணவு முறை. குஞ்சின் அலகோ குட்டையானது; வளைவில்லாதது. அதைக்கொண்டு மண்ணைத் துருவ முடியாது. புல்லின் மேலும் பாசியின் மேலும் ஊர்வனவற்றையே அது கொத்தித் தின்ன முடியும். தாய் ஊட்டுவதும் இல்லை. பிறந்த சில மணி நேரத்திற்குள் குழியை விட்டெழுந்து, தன் காலால் நடந்து, தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும் குஞ்சு அது. பெற்றோர் செய்வன அதற்குக் காவல் இருத்தலும், குளிர் மிகுங்கால் சிறகின்கீழ் வைத்து அணைத்தலுமே. உள்ளான் ஒன்றே இவ்வழக்கினின்று மாறுபட்டுத் தன் குஞ்சுக்கு இரை கொடுக்கும்.

எனவே, நெடிய அலகுடைய தாய், குட்டை அலகுடைய குஞ்சு வாழ்தற்குரிய இடத்தைத் தேர வேண்டியிருக்கிறது. அத்தேர்வும் மார்ச்சிலும் ஏப்பிரலிலும் நிகழ வேண்டும். குஞ்சு பசித்து நடப்பதோ மே இறுதியிலும் ஜூனிலும். இடம் தேரும் நாளில் மூர் குளிர்ந்து வறண்ட நிறத்தோடு கிடக்கும். பின்னர்ப் பிறக்கப்போகும் பூச்சிகளுள் ஒன்றேனும் அன்று கண்ணுக்குப் புலப்படாது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்துப் புள்ளைக் கருப்பொருளுள் வைத்தார் தொல்காப்பியர். அது பாட்டுக்கு வகுத்த இலக்கணம். எனினும், இந்நிலம் இப்பொழுதில் எவ்வாறிருக்கும் என்பதை இரு திங்கள் முன்னரே கணிக்கவேண்டிய கடமை உண்மையிலேயே இப்புள்ளின்மேல் விழுந்திருக்கிறது.

பறவை கணக்கிட்டு ஆராய்வதில்லை. சில அடையாளங்களைக் கண்டு ஒழுகுகிறது. அவ்வடையாளங்களுள் முதலாவது வெட்டவெளி. மரம் நிற்கும் இடத்தை இப்பறவைகள் அஞ்சி விலகும். மரம் தன்னளவில் தீமை செய்வதன்று. ஆனால் அதன் கிளையிலமர்ந்து முட்டைக்குக் காத்திருக்கும் காகமும், அதன் நிழலில் பதுங்கும் நரியும் உண்டு. காட்டின் ஓரத்திலிருந்து 700 மீட்டர் வரையிலும்கூடப் பொன்னிற உப்புக்கொத்தியும் டன்லினும் குறைந்தே காணப்படுகின்றன என்பது ஸ்காட்லாந்து நாட்டில் நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஒரு தோப்பு தான் நிற்கும் நிலத்தை மட்டும் கொள்வதில்லை. தன்னைச் சூழ்ந்த பெரியதொரு வட்டத்தையும் பறவையிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

அடுத்தது புல்லின் உயரம். இதில் பறவைக்குப் பறவை கொள்கை வேறுபடும். ஆள்காட்டிக்குக் குறும்புல்லும் வெறுந்தரையும் வேண்டும். அடைகாக்கும்போதே நெடுந்தொலைவு காணவேண்டும். பகை தோன்றியவுடன் எழுந்து கூவவேண்டும். அண்டை அயலாரெல்லாம் கூடிக் காகத்தைத் துரத்தவேண்டும். இதுவே அதன் போர்முறை. அதனால் ஆள்காட்டிகள் ஒன்றற்கொன்று அணித்தாகவே குழி பறிக்கும். அவ்விடத்தில் ஆண்பறவை ஒன்றன்றிப் பல குழிகளைப் பறித்து, ஒவ்வொன்றிலும் மார்பை அழுத்தி வாலைத் தூக்கிக் காட்டும். பெண்பறவை யாவற்றையும் பார்த்து ஒன்றை ஏற்கும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகும் நிகழ்ச்சியை இது நினைவூட்டாமற் போகாது.

கோட்டானின் வழி வேறு. அதற்குக் கோரைத் தூறும் ஹெதரும் சற்று உயர்ந்து நிற்கவேண்டும்; ஆனால் அடைகாக்கும் பறவை தலை நீட்டினால் சுற்றுப்புறம் தெரியவேண்டும். உயர்ந்த தூற்றின் அணிமையில் தாழ்ந்த புல்லும் இருந்தால் இன்னும் நன்று. தூறு மறைவுக்கு, புல் குஞ்சு நடப்பதற்கு. உள்ளானும் பவளக்காலியும் இன்னும் கரவு மிக்கவை. பவளக்காலி தன் குழியைச் சுற்றியுள்ள புற்களை இழுத்துத் தலைக்குமேல் சிறு பந்தல் அமைத்துக்கொள்ளும். அவ்வாறு ஒளிந்து வாழ்வதோடு அமையாமல், ஆள்காட்டிகளின் அருகிலேயே குழி பறிப்பதும் அதன் வழக்கம். கூச்சலிடும் காவலரின் பக்கத்தில் குடியிருப்பதன் பயனை அது அறிந்தே இருக்கிறது.

பொன்னிற உப்புக்கொத்தியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறலாம். முட்டையை அது குறும்புல்லும் குட்டை ஹெதரும் உள்ள தட்டையான மேட்டிலே இடும். ஆனால் அம்மேட்டுக் கரிமண் புளிப்புத் தன்மையுடையதாதலால் அதில் மண்புழு அரிது. பகலில் ஆண் அடைகாக்க, பெண் சில கிலோமீட்டர் கீழே பறந்து சென்று, ஆடு மேயும் புல்வெளிகளில் மண்புழு தின்று மீளும். இரவில் பெண் அடைகாக்க, ஆண் இரை தேடும். தான் உண்ணும் களம் ஒருபுறம் இருக்க, குஞ்சு வாழும் நிலம் வேறொருபுறம் இருக்கிறது. சேய்க்காகத் தாய் தன் சோற்றைத் தொலைவில் வைத்துக்கொள்ளும் இவ்வழக்கம், இத்தேர்வு யார்பொருட்டு நிகழ்கிறது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டும். இவ்வுப்புக்கொத்தியின் பின்னே டன்லின் அடிக்கடி திரிவதால், டன்லினுக்கு ‘உப்புக்கொத்தியின் ஏவலாள்’ என்னும் பொருள்படும் பழம்பெயர் ஒன்று அந்நாட்டில் உண்டு. ஏவலாளுக்கு இன்னும் ஈரமான இடம் வேண்டும். சிறு குட்டைகளும் நெகிழ்ந்த சேறும் உள்ள பகுதியை விட்டு அது விலகுவதில்லை.

மூன்றாவது அடையாளமாகிய ஈரமே எல்லாவற்றிலும் தலையாயது. குஞ்சின் உணவு அதனுள் மறைந்திருக்கிறது. கொசுவின் வடிவும், கொசுவினும் பன்மடங்கு பெரிய உடலும், நூல்போன்ற நீண்ட கால்களும் உடைய ஈ ஒன்று அம்மூர்களில் மிகுதி. மனிதரைக் கடிப்பதில்லை. நெடுங்கால் ஈ என்று அதனை அழைக்கலாம். அதன் புழு ஈரக் கரிமண்ணிலும் பாசியினுள்ளும் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் ஒரே சமயத்தில் கூட்டம் கூட்டமாக வெளிப்படும். பறப்பதில் வல்லமை இல்லாத அந்த ஈக்கள் புல்நுனிதோறும் தொங்கும். குஞ்சு பொரிப்பதும் அந்நாட்களிலேயே. குட்டை அலகுக்கு எட்டிய உயரத்தில், மெதுவாக நகரும் கொழுத்த இரை! மண் உலருமாயின் அப்புழு இறக்கும். அடுத்த கோடையில் புல்நுனி வெறிச்சோடும்.

இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாக மெய்யாகவே இருந்துவந்த அடையாளங்கள் இருபதாம் நூற்றாண்டில் பொய்க்கலாயின. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் உணவு பெருக்கும் நோக்கத்துடன், 1960, 1970ஆம் ஆண்டுகளை ஒட்டி, அரசாங்க உதவிப்பணத்தோடு மூர்களின் குறுக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வடிகால்கள் வெட்டப்பட்டன. பசித்த நாடு நிலத்தைத் திருத்த முயன்றதைக் குறை கூறுவது எளிதன்று. ஆயினும் வெட்டிய வடிகாலால் மேய்ச்சல் பெரிதும் சிறக்கவில்லை. மண் மட்டும் உலர்ந்தது. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அவ்வெளி முன்போலவே வெட்டவெளியாய், மரமற்றதாய், கோரை நிறைந்ததாய்த் தோன்றும். அடியில் புழு இல்லை என்பதை அது எவ்வாறு அறியும்?

ஸ்காட்லாந்தின் வடகோடியில், கெயித்னஸ், சதர்லாந்து என்னும் பகுதிகளில், ஏறக்குறைய 4,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள ஈரக் கரிமண் வெளி ஒன்றுண்டு. அதற்கு ஃப்ளோ நாடு என்று பெயர். அங்கு நேர்ந்தது வேறொரு வகைக் கேடு. மரம் நடுவோர்க்கு வரிச்சலுகை இருந்தமையால், 1980ஆம் ஆண்டுகளில், அவ்விடத்தை ஒருமுறையும் காணாத செல்வர்கள்கூடப் பொருள் முதலிட்டு, சேற்றை உழுது வடித்து, வட அமெரிக்க ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். மரம் நடுதல் அறம் என்று கற்பிக்கப்பட்ட எவர்க்கும் இதில் தீங்கு காண்பது அரிது. ஆனால், மரமின்மையே சிறப்பாக உள்ள நிலங்களும் உலகில் உள. கூச்சல் பெருகியதன்மேல் 1988ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அச்சலுகை நீக்கப்பட்டது. 1995இல் பறவைப் பாதுகாப்புக்குரிய அரச கழகம் ஃபார்சினார்டு என்னும் இடத்தை விலைக்கு வாங்கி, நட்ட மரங்களை வெட்டவும் வடிகால்களை அடைக்கவும் தொடங்கியது. வெட்டுவதால் மட்டும் பழைய மேடு மீள்வதில்லை. உழுசால்களும் அடிமரங்களும் நிலத்தைக் கரடுமுரடாக்கி நிற்பதால் அவற்றையும் சமன் செய்யவேண்டியதாயிற்று. 2024இல் ஃப்ளோ நாடு உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

கோட்டானுக்கு நேர்ந்த இடர் இவற்றினும் நுட்பமானது. அது நெடுநாள் வாழும் பறவை. வளையமிட்ட ஒன்று முப்பது ஆண்டுகளைக் கடந்தும் வாழ்ந்திருக்கிறது. ஒருமுறை தேர்ந்த வயலை அது எளிதில் கைவிடுவதில்லை. ஆண்டுதோறும் அதே மேட்டின் அதே பக்கத்துக்குத் திரும்பும். இப்பற்று முற்காலத்தில் நன்மை பயந்தது. சென்ற ஆண்டு குஞ்சைக் காத்த இடம் இவ்வாண்டும் காக்கும் என்பது பெரும்பாலும் மெய்யாகவே இருந்தது. பள்ளத்தாக்குகளில் வைக்கோலுக்காக ஜூலையில் அறுத்துவந்த புல்லை, பச்சையாகவே பதப்படுத்தி வைக்கும் முறை வந்தபின் மே மாதத்திலேயே இயந்திரங்கொண்டு அறுக்கலாயினர். ஏப்பிரலில் அந்த வயல் கோட்டானின் கண்ணுக்கு எல்லா நலமும் உடையதாகவே விளங்குகிறது. முட்டை பொரியுமுன்னோ குஞ்சு பறக்குமுன்னோ அறுக்கும் பொறி வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டும் அப்பறவைகள் அங்கேயே வரும். அவற்றின் குரலை வசந்தந்தோறும் கேட்கும் உழவர், கோட்டான் குறைவின்றி இருக்கிறதென்றே எண்ணுவார். உண்மையில், ஒரு குஞ்சும் வளராத முதிய இணை ஒன்றையே அவர் பல்லாண்டு கேட்டுக்கொண்டிருத்தல் கூடும். இரண்டு இணைகள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு குஞ்சையேனும் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால்தான் இவ்வினத்தின் தொகை குறையாது நிற்கும் என்று கணித்துள்ளனர். பல இடங்களில் அந்த ஒன்றும் இல்லை. உலகில் முட்டையிடும் கோட்டான்களுள் நான்கில் ஒரு பங்குவரை பிரிட்டனில் இருப்பன என்பர். அங்கே கால் நூற்றாண்டில் அவற்றின் தொகை பாதியளவுக்குக் குறைந்தமையால், 2015இல் இப்பறவை செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பகைவரின் பங்கும் இதில் சிறிதன்று. நார்த்தம்பர்லாந்தைச் சேர்ந்த ஆட்டர்பர்ன் என்னுமிடத்தில் 2000 முதல் 2008 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. சில மூர்களில் நரியையும் காகத்தையும் கீரியை ஒத்த ஸ்டோட் என்னும் விலங்கையும் அடக்கியும், வேறு சிலவற்றில் அடக்காதும் விட்டுப் பார்த்தனர். அடக்கிய இடங்களில் கோட்டான், ஆள்காட்டி, பொன்னிற உப்புக்கொத்தி ஆகியவற்றின் குஞ்சு வளர்ப்பு ஏறத்தாழ மும்மடங்காக வெற்றி பெற்றது. கௌதாரி இனத்துப் பறவையாகிய க்ரௌஸை வேட்டையாடுதற்பொருட்டு மூர்க் காவலர் செய்யும் வேலையும் இதுவே. சுடுவதற்காகக் காக்கப்படும் பறவையின் நிழலில், சுடப்படாத பறவைகள் வாழ்கின்றன. வேட்டையை வெறுப்போர்க்கு இது கசப்பான செய்தி, ஆயினும் மறைத்தற்குரியதன்று.

வடிகால்களை மரப்பலகையாலும் கரிமண்ணாலும் அடைக்கும் வேலை இப்பொழுது பெனைன் மேடுகளிலும் நடைபெற்று வருகிறது. அடைத்த இடத்தில் நீர் தேங்குகிறது. பாசி மெல்லப் படர்கிறது. நெடுங்கால் ஈ மிகுகிறது. இவ்வேலையின் பயன் உடனே தெரிவதில்லை. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் பல்லாண்டு பொன்னிற உப்புக்கொத்திகளை எண்ணி, 2010இல் வெளியிட்ட ஆய்வு அதற்குக் காரணம் கூறுகிறது. ஓர் ஆண்டின் ஆகஸ்டு வெப்பம் மிக்கதாயின், அதன் தீங்கு பறவைத் தொகையில் புலப்படுவது இரண்டாண்டு கழித்தே. ஜூனில் ஈ இட்ட முட்டையிலிருந்து வந்த இளம்புழு ஆகஸ்டில் மண்ணின் மேற்புறத்திலேயே கிடக்கும். அம்மண் காய்ந்தால் புழு மடியும். மறு ஜூனில் குஞ்சுக்கு இரை குறையும். அக்குஞ்சுகள் முட்டையிட வரவேண்டிய ஆண்டில் அவற்றின் இடம் வெறிதாய்க் கிடக்கும்.

அந்த ஆகஸ்டில் மேட்டில் இப்பறவைகள் பெரும்பாலும் இருப்பதில்லை. கோட்டானில் பெரும்பாலும் தாய் முந்திச் செல்லும். தந்தை இருந்து, ஐந்து வாரங் கழித்துக் குஞ்சு பறக்கக் கண்டு பிரியும். அலகு இன்னும் முற்ற நீளாத இளம்பறவைகள் கடைசியில் கடற்கரை நோக்கிப் புறப்படும். ஜூலை முடியுமுன் மூர் ஓய்ந்துவிடும். பிறகு அங்கே காற்றும் ஆடுகளுமே எஞ்சும். பாசியின் அடியில், நெற்பருக்கையினும் சிறிய புழுக்கள் ஈரத்தில் நெளிந்துகொண்டிருக்கும்.